ஓவியமும் பாடந்தான்

கல்வி உதவி நிதிக்கு வாரி வழங்கும் நன்கொடையாளப் பெருமக்களே!

கோயில் திருப்பணி என்றால் அள்ளிக் கொடுக்கிறோம். பிள்ளை உயர்நிலை மூன்றில் ஓவியப் பாடம் எடுக்கிறேன் என்றால் மட்டும், "படம் வரைந்தால் சோறு போடுமா?" என்கிறோம். என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் கேட்டுச் சலித்த கேள்வி இது.

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று, இரண்டில் ஓவியம் எல்லாருக்கும் உண்டு. மூன்றில்தான் விரும்பியோர் எடுக்கின்றனர். ஒரு கருத்தை வைத்துக்கொண்டு, பார்த்து வரைந்து, வண்ணத்தையும் பொருளையும் மாற்றிச் சோதித்து, ஏன் இப்படிச் செய்தேன் என்று குறித்துவைத்து, மாதக்கணக்கில் உழைத்த பிறகே இறுதிப் படைப்பு பிறக்கிறது. கடைசி இரவு மனப்பாடம் இங்கே செல்லாது!

மேலே படிக்கவும் வழியுண்டு. நன்யாங் நுண்கலைக் கழகம் 1938இல் தோன்றியது. கலைப்பள்ளி 2008இல் திறக்கப்பட்டது. நன்யாங்கில் பயின்ற நம்மவர் எஸ். சந்திரசேகரன், 1988இல் சாலே ஜப்பார், கோ ஈ சூ இருவருடன் சேர்ந்து நடத்திய கண்காட்சியின் பெயர் என்ன தெரியுமா? 'திரிமூர்த்தி'!

கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகளை வரவழைக்கிறோம்; அது முறைதான். இங்கே வரையத் தெரிந்த பிள்ளைக்குத் தூரிகை வாங்கித் தர ஆளில்லை என்பதுதான் என் மனக்குறை. நல்ல தாளும் வண்ணமும் மலிவானவை அல்ல. நம் நிதியோ புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் மட்டுமே தருகிறது. இதை மாற்றக் குழுவில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் இன்னும் இசையவில்லை. விருப்பமுள்ள அன்பர்கள் நன்கொடைச் சீட்டில் 'ஓவியப் பொருள்' என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தச் சீட்டுகளையே மேசையில் வைத்துப் பேசுகிறேன்.