அவளைக் கொல்லாமல் ஒரு நாடகம்

(விருதுநகர் தேசபந்து மைதானத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எழுதுகோல் பிடித்த கையொன்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேச வந்திருக்கிறேன். அந்தக் கை என்னுடையதுதான்.

என் நாடகங்களில் ஒரு பெண் வருவாள். வறுமை அவளை விற்கும். ஊர் அவளை வாங்கும். மூன்றாம் அங்கத்தில் நான்கு பக்க வசனம் பேசுவாள். பேசி முடித்ததும் நஞ்சருந்திச் சாவாள். கொட்டகை அதிரக் கை தட்டுவீர்கள். செத்தவள் தியாகி, எழுதியவன் சீர்திருத்தவாதி! அவள் பிழைத்திருந்து, மறுநாள் காலையில் கடைக்குப் போய் அரிசி வாங்கினால் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஆகவே கொன்றேன். ஒன்றல்ல, மூன்று நாடகங்களில் கொன்றேன்.

சிவகாசிப் பக்கத்து ஊரொன்றில் நாடகம் முடிந்து அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தேன். நடுவயது அம்மையார் ஒருவர் வந்து நின்றார். "நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. எங்களச் சாகடிக்காம ஒரு நாடகம் போட முடியாதா?" என்றார்.

'எங்களை' என்றார், தோழர்களே! என் நான்கு பக்க வசனமும் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை.

பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர் அவர். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் பூட்டிக்கொள்ளும், வயிறு பூட்டிக்கொள்ளுமா? அந்த நாட்களில் இந்தத் தொழிலுக்குப் போகத் தொடங்கியவர். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "பயர் ஆபீசுல கை வெந்தா ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போவேன். கூலி கொறஞ்சா சங்கத்துல சொல்லுவேன். அங்க ஒருத்தன் அடிச்சா யார்ட்டப் போய்ச் சொல்ல? போலீசுக்குப் போனா என்னையத்தான உள்ள வைப்பாக?"

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், சட்டம் பயின்றவனல்லன். வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் புத்தகத்தை வாங்கி மூன்று இரவுகள் படித்தேன். விபசாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்கிறோமே, அது 1956-இல் பிறந்து 1986-இல் பெயர் மாறியது. வயது வந்த பெண், தன் விருப்பப்படி, தனியிடத்தில் இத்தொழில் செய்தால் அதை அந்தச் சட்டம் குற்றமென்று சொல்லவில்லை! வியப்பாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. ஆனால் தெருவில் நின்று அழைத்தால் குற்றம். இருவர் ஒரு வீட்டில் துணைக்கு இருந்து தொழில் செய்தால் அந்த வீடு விடுதி. விடுதி நடத்துவது குற்றம். பதினெட்டு வயது கடந்த எவரும் அவள் வருவாயில் வாழ்வதாகத் தெரிந்தால் குற்றம். கூழ் குடிக்கும் கிழத்தாயும், கட்டணம் கட்டிப் படிக்கும் மகனும் அந்தச் சொற்களுக்குள் அடங்குவார்கள். மூச்சு விடலாம், மூக்கைத் திறக்கக் கூடாது என்பது போன்ற சட்டம்!

தண்டனையைப் பாருங்கள். முதல்முறை அழைத்தவள் பெண்ணானால் ஆறு மாதம் வரை சிறை. அழைத்தவன் ஆணானால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று மாதம் வரை. அவளைச் சிறைக்குப் பதிலாகத் திருத்தும் இல்லத்துக்கு அனுப்பவும் இடமுண்டு. கருணை என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்! ஆறு மாதச் சிறையைவிடக் கருணை நீளமானது.

அந்தக் கருணையைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா, காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூரில் சோதித்தபோது ஆறு பேரிடம் எச்.ஐ.வி. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அந்த இரத்தத்தில்தான். நாடு விழித்துக்கொண்டது. இரத்தம் தந்தவர்கள் கதி? நோயைக் காரணம் காட்டி, காலம் கடந்த பின்னும் பெண்களை உள்ளேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்தார். 1990-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை தந்தது. அவர்களிடம் வந்துபோன ஆடவரில் ஒருவரையாவது அடைத்துவைத்தார்களா?

"தேவதாசி முறையை ஒழித்த மரபல்லவா நம்முடையது? நீயா இப்படிப் பேசுவது?" என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். ஆம், அந்த மரபில் வந்ததால்தான் பேசுகிறேன். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாம் பட்டதை 1936-இல் நாவலாகவே எழுதினார். 1947-இல் சட்டம் வந்தது. பிறப்பின் பேரால், கோயிலின் பேரால் பூட்டிய விலங்கை அது உடைத்தது. விலங்கை உடைப்பது வேறு. விலங்கு கிடந்த கையைப் பிடித்துக் காவல் வண்டியில் ஏற்றுவது வேறு. நாம் இரண்டையும் குழப்பினோம். குழப்பியதோடு விட்டோமா? மாற்றுக் கட்சிக்காரனை ஏச மேடையில் நமக்கு எளிதில் கிடைத்த சொல் எது? அவள் தொழிலின் பெயர். அவள் பெற்ற மகனின் பெயர். நானும் அந்தச் சொல்லால் கைதட்டல் வாங்கியவன்தான்.

ஏமாற்றிக் கடத்திவரப்பட்ட சிறுமியர் இல்லையா என்பீர்கள். உண்டு, அவர்களை மீட்க வேண்டும், கடத்தியவனைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். சிவகாசிக்காரர்களுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்? ஆலைகளில் பிஞ்சுக் கைகள் வெந்தபோது, 1996-இல் உச்சநீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் வீதம் கட்டவேண்டும் என்றது. குழந்தை உழைப்பை ஒழிப்பதற்காக, பக்கத்தில் உட்கார்ந்து திரி வெட்டிய பெரியவளை யாராவது கைது செய்தார்களா? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகினவே, ஆபத்தான தொழிலுக்கு ஏன் போனாய் என்று பிழைத்தவர் மேல் வழக்குப் போட்டோமா? பாதுகாப்புக் கேட்டோம், இழப்பீடு கேட்டோம்.

2022 மே 19 அன்று, நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு ஓர் ஆணை தந்தது. இப்பெண்களுக்கும் கண்ணியமான வாழ்வுரிமை உண்டு. காவலர் ஏசவும் அடிக்கவும் கூடாது. வன்முறைக்கு ஆளானால் உடனே மருத்துவ உதவி தரவேண்டும். ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. விருப்பமின்றிக் காப்பகங்களில் கிடக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழி செய்யவேண்டும். நல்ல ஆணைதான். ஆனால் சோதனையின்போது பெண்களைக் கைது செய்யக் கூடாது என்ற பரிந்துரைக்கு ஒன்றிய அரசு தயக்கம் காட்டிற்று. அது நடைமுறைக்குரிய ஆணையில் சேரவில்லை. சேர்ந்துவிட்டதாகவே பலர் மேடையில் முழங்குகிறார்கள். அதை நம்பி ஒரு பெண் துணிந்து நின்றால் அகப்படப் போவது அவள்தானே?

ஆகவே ஆணை போதாது, சட்டமே மாறவேண்டும். 2003-இல் நியூசிலாந்து மாற்றியது. ஆதரவு அறுபது, எதிர்ப்பு ஐம்பத்தொன்பது, ஒரே வாக்கில்! அங்கே ஒரு பெண் தன்னைத் துன்புறுத்தியவன்மீது தொழிலாளியாக நின்று வழக்காட முடிகிறது. வாங்குபவனை மட்டும் தண்டிப்போம் என்று 1999-இல் சுவீடன் வேறு வழி சென்றது. கேட்க இனிக்கிறது; ஆனால் அவன் அஞ்சி இருட்டுக்குள் ஒதுங்கினால், பிழைப்புக்காக அவளும் அதே இருட்டுக்குள் போகவேண்டும். வீட்டுக்குள் ஒளித்துச் செய்த வெடி என்னவாகும் என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

கிளைக் கழகத் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். அடிபட்ட பெண் காவல்நிலையம் போக அஞ்சினால் உடன் செல்லுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாசலைக் காட்டுங்கள். அவள் பெயரைத் தெருவில் சொல்லாதீர்கள். அந்த வசவுச் சொல்லை மேடையிலிருந்து இறக்குங்கள், நான் இறக்கிவிட்டேன்.

மூன்றாம் அங்கத்தையும் மாற்றி எழுதியிருக்கிறேன். நஞ்சுக் குப்பி இல்லை. அவள் காவல்நிலையம் போகிறாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள், புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறாள். எழுத்தர் பேனாவைத் தேடுகிறார். அங்கே திரை விழுகிறது. முதல் ஆட்டம் திருத்தங்கலில். அந்த அம்மையாருக்குச் சீட்டு அனுப்பியாயிற்று. கைதட்டல் குறைந்துவிடும் என்று நடிகர்கள் கவலைப்படுகிறார்கள். குறையட்டும்.