தேடிப் போவது யார்?



பல்கலைக்கழக அரங்குகளை விட்டு, இந்தக் கருத்தரங்குக்காக எம். புதுப்பட்டியில் நாம் கூடியதற்குக் காரணம் உண்டு. நாம் பேசப்போகிற மாணவர்கள் இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான் காலையில் பஸ் ஏறுகிறார்கள். சிவகாசிக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் விருதுநகருக்கும் படிக்கப் போகிறார்கள். பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலடி வைப்பவர்கள். அவர்கள் பஸ் ஏறுகிற அதே நேரத்தில் அவர்களுடைய அம்மா பட்டாசு ஆபீஸ் வேனுக்காக நிற்கிறார்.

இந்தப் பிள்ளைகளில் ஒருவர் தேர்வில் தோற்றால் அவரைத் தேடிப் போவது யார்? என் உரை முழுதும் இந்த ஒரு கேள்விதான்.

பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டம் இது. அந்தப் பெருமை எப்படி வந்தது என்று இங்குள்ள பள்ளி ஆசிரியர்களைக் கேளுங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். வராத பிள்ளையை வீட்டுக்கே போய்க் கூட்டிவருவார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குவார்கள். அந்த முறை மனப்பாடத்துக்குக் கொடுக்கும் இடத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் பிள்ளை பின்தங்கினால் அதற்காகக் கவலைப்பட ஒருவர் இருந்தார்.

அதே பிள்ளை கல்லூரியில் சேர்ந்த அன்றே அந்தப் பிடி அறுந்துபோகிறது. தமிழ்வழியில் படித்தவருக்கு இப்போது இயற்பியலும் கணக்கும் ஆங்கிலத்தில். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர் இல்லை. முதல் செமஸ்டர் முடிவு செல்போனில் வருகிறது. இரண்டு தாளோ மூன்று தாளோ அரியர். வாழ்க்கையில் தோற்றுப் பழகாத பிள்ளை, பக்கத்தில் யாருமில்லாமல் அதைப் பார்க்கிறது. தோல்வி எண்ணாகப் பதிவாகிவிடுகிறது. அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவது யாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை.

இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கும். லீவு நாளில் பிள்ளைகளும் கைவேலைக்குப் போவார்கள். வகுப்பு நாளிலும் சிலர் போவார்கள். தீபாவளி முடிந்ததும் ஆபீஸ்கள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். வீட்டில் கூலி நின்றிருக்கும் அந்த நாட்களில்தான் செமஸ்டர் தேர்வு வருகிறது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று இங்குள்ள எந்தக் கல்லூரி ஆசிரியரும் சொல்ல மாட்டார். 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்த ஆண்டு எக்ஸாம் ஃபீஸ் கட்ட எத்தனை வீடுகள் வட்டிக்கு வாங்கின என்பதை இந்த அவையில் இருக்கும் தாய்மார்களே நம் ஆய்வாளர்களுக்குச் சொல்லலாம்.

அப்படிக் கட்டிய பணத்தில் எழுதிய தாளில் தோற்ற பிள்ளை வீட்டில் என்ன சொல்லும்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. "உனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன்" என்று அம்மா வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கழுவியும் போகாமல் நகக்கண்ணில் தங்கிய அலுமினியத் தூளைப் பார்த்தாலே பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் அன்பு குறைவாக இருப்பதால் பிள்ளை மறைப்பதில்லை. அன்பு அவ்வளவு இருப்பதால்தான் மறைக்கிறது. குடும்பத்தின் ஆதரவே மாணவரை மீட்கும் என்று நம் ஆய்வுகளில் எழுதிவிட்டுப் போவது எளிது. இந்த ஊரைப் பார்த்தால் எனக்கு வேறாகத் தோன்றுகிறது. மிக நெருங்கியவரிடம் சொல்ல முடியாததைக் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒருவரிடம் சொல்ல முடிகிறது. மீட்சி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய படிப்புத் தோல்வி ஒன்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். சீனிவாச ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் போகவில்லை, ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். அந்த ஓட்டத்தை மேதையின் விசித்திரமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் தெரிவது, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாத ஒரு பதினேழு வயதுப் பையன். அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வி. இன்றைய மொழியில் சொன்னால், அரியர் முடிக்காமல் கல்லூரியை விட்டவர்.

பிறகு வந்தவர்களைக் கவனியுங்கள். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அவர் இந்தத் திறமையை வருவாய்த் துறையின் கீழ்ப்படியில் புதைக்க மனமில்லாமல், சென்னையில் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கும்பகோணத்தில் பாடம் நடத்திய சேஷு அய்யர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு அறிமுகம் எழுதினார். முதலில் ராவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நண்பர் விடாமல் மறுபடியும் கூட்டிப்போனார். பின்னர் ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை.

இவர்களில் என் மனம் அதிகம் தங்குவது துறைமுகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண அய்யரிடம். மேலதிகாரியான அவர் மாலையில் ராமானுஜனோடு சிலேட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டிப் போகும்போது, எனக்குப் புரிகிற மாதிரி எழுது, எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று நிறுத்தினார். ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான். தோளில் தட்டிக்கொடுப்பது ஒரு நிமிட வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட மாலைப்பொழுது முழுதும் வேண்டும். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜும் ஹார்டியும் நாம் எல்லோரும் அறிந்த கதை. எஃப்.ஏ. தேர்வை அவர் கடைசிவரை தேறவில்லை. அவரை அறிந்தவர்கள் பேசியதால் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தியது.

மேதைக்கு நடந்தது சாதாரண மாணவருக்கு நடக்குமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1970களில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர், கருப்பின மாணவர்கள் கால்குலஸில் அதிகம் தோற்பது ஏன் என்று ஆராய்ந்தார். ஊக்கமில்லை, வீட்டில் ஆதரவில்லை என்றெல்லாம் சக ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரீஸ்மன் மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து படித்தார்கள், ஒருவர் தவறை ஒருவர் திருத்தினார்கள். கருப்பின மாணவர்கள் நேர்மையாக, கடுமையாக, தனியாகப் படித்தார்கள். கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடும் பயிலரங்குகளை அவர் அமைத்தார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. அதைத் தோற்றவர்களுக்கான வகுப்பு என்று அவர் அழைக்கவில்லை. சிறந்த மாணவர்களுக்கான வகுப்பாகவே நடத்தினார். "அரியர் பேட்ச்" என்று பெயர் வைத்துக் கடைசி அறையில் உட்கார வைக்கும் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த மாணவர்களுக்கு இறுதிப் பருவம் நீங்கலாக மற்ற அரியர்கள் ரத்து என்று தமிழக அரசு அறிவித்தது. மகிழ்ந்து பேனர் வைத்த மாணவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்; அவர்கள் தூக்கிச் சுமந்த பாரம் அப்படி. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்கவில்லை, தேர்வு நடத்தச் சொன்னது. அந்தச் சர்ச்சை முழுவதிலும் தாள் பற்றித்தான் பேசினோம். அந்தத் தாளில் அந்தப் பிள்ளை ஏன் விழுந்தது என்று கேட்க ஒருவரும் அனுப்பப்படவில்லை.

மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கும் மென்டார் முறை இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்ட வேண்டிய விவரங்களில் அதுவும் ஒன்று. பல கல்லூரிகளில் மென்டார் நோட்டு நிரம்பியிருக்கிறது. பேச்சு நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு தான் இருப்போமா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளரிடம், மூன்றாண்டு ஒரு பிள்ளையைக் கூடவே இருந்து பார்த்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? உறவு நிலைக்க வேண்டுமானால் வேலை நிலைக்க வேண்டும். மாணவர் நலம் பற்றிப் பேசும் கருத்தரங்கு இதையும் பேசியாக வேண்டும்.

நட்பால் தீராத துயரங்களும் உண்டு. 2023 அக்டோபர் 17 அன்று இந்தப் பக்கத்து ரெங்கபாளையத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பட்டாசு விபத்துகளில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல முடிவு, வரவேற்கிறேன். கட்டணம் கட்டப்பட்ட பிறகும், தாயை இழந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாணவர் தற்கொலைகளை ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. நண்பரின் வேலை இந்த உதவியை மாற்றுவது அல்ல; அந்த வாசல் வரை கூடப் போவது.

இந்த இரண்டு நாள் அமர்வுகளிலும் ஒன்றைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்வாரியாக மூத்த மாணவர்களை இணைப்பது. எம். புதுப்பட்டியிலிருந்து அரியர் வைத்து, எழுதி, தேறி, இன்று வேலையில் இருக்கும் அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள். அதே பஸ்ஸில் வந்தவர்கள், அதே கூலியில் படித்தவர்கள். முதல் செமஸ்டர் முடிவு வந்த அன்று மாலையே, பிள்ளை கேட்கும் முன்பே, அவர்களில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெற்றோர் முன்னால் பேச வேண்டியதில்லை; டீக்கடை வரை கூட்டிப்போனால் போதும். எந்தத் தாள், எந்த யூனிட், மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன, சனிக்கிழமை யாரோடு உட்கார்ந்து படிக்கலாம் என்று பேச வேண்டும். இதற்குக் கல்லூரி செய்ய வேண்டியது முடிவுகளை ஊர்வாரியாகப் பிரிப்பதும், மாணவரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவைப்பதும்தான்.

கட்டுரை வாசிக்கவிருக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் "சமூக ஆதரவு" என்று ஒரு மதிப்பெண் இருக்கும். அந்த ஆதரவு யாரிடமிருந்து வந்தது, தோற்ற பிறகு எத்தனை நாளில் வந்தது, மாணவர் கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா என்பதைக் கேள்வித்தாளில் சேர்த்திருந்தால் வாசிக்கும்போது சொல்லுங்கள். சேர்க்காதவர்கள், மதியம் இந்த ஊரில் வீடு வீடாகப் போகவிருக்கும் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் அதற்கு இசைந்திருக்கிறார்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.