பொருள் கேட்கும் சட்டம், பொழுது தருமா?



இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அய்யனார் கோவில் என்று மக்கள் வழங்கும் இடம் ஒன்றுண்டு. மலையினின்று இறங்கிவரும் ஆற்றங்கரையில் நீர்காத்த அய்யனார் என்னும் பெயரில் அங்கு வழிபாடு நடைபெறுகிறது. சமயம் எதுவாயினும் அப்பெயரில் பொதிந்த பொருள் எண்ணத்தக்கது. காத்தல் என்பது தொலைவிலிருந்து செய்யத்தக்க செயலன்று. உடனிருந்து, விழித்திருந்து செய்வது. கடுநோயுற்ற உறவினரைக் காப்பதும் அத்தகையதே. அதற்குப் பணம் வேண்டும். பணத்தினும் மேலாகப் பொழுது வேண்டும். உழைத்துண்ணும் குடும்பத்திற்கு அப்பொழுது எங்கிருந்து கிடைக்கும் என்பதே இவ்வுரையின் பொருள்.

அம்மலையடிவாரத்து நகரையே சான்றாகக் கொள்ளலாம். இராசபாளையம் நூற்பாலைகளின் ஊர். அதனருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளில் பயன்படும் பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பெயர்பெற்றது. ஊரார் புண்ணைக் கட்டும் துணியை நெய்கின்ற கைகளுக்குத் தம் வீட்டு நோயாளியின் அருகே அமர எத்தனை நாள் கிடைக்கும்?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என ஊதியத்துடன் கூடிய விடுப்பை வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அவ்விகிதமே தொடர்கிறது. ஆண்டில் 300 நாள் உழைத்தவர்க்கு 15 நாள் விடுப்பு. அவருடைய தாய்க்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய நேர்ந்ததாகக் கொள்க. ஒருமுறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். போகவும் வரவும் காத்திருக்கவும் பகலின் எஞ்சிய பகுதி. ஓராண்டில் இவ்வாறு 104 நாள். கையிலிருந்த 15 நாளும் எட்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும். மீதமுள்ள 89 நாளும் ஊதியமிழந்த நாள்களே.

இ.எஸ்.ஐ. திட்டம் தொழிலாளியின் நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு வழங்குகிறது; அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கு மருத்துவமும் அளிக்கிறது. எனினும், அப்பெற்றோரின் அருகிலிருப்பதற்காக அவர் இழக்கும் கூலிக்கு ஈடு அளிப்பதில்லை. நெய்த அளவுக்குக் கூலி பெறும் விசைத்தறியாளர் நிலை இன்னும் கடினமானது. தறி நின்றால் கூலியும் நின்றது.

அரசு ஊழியர்க்கும் முழு விடிவு இல்லை. மருத்துவ விடுப்பு அவர்தம் நோய்க்கே உரியது. மைய அரசின் பெண் ஊழியர் 18 வயதிற்குட்பட்ட பிள்ளைகளைப் பேணப் பணிக்காலம் முழுவதிற்குமாக 730 நாள் விடுப்புப் பெறலாம். துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் தந்தையர்க்கும் அவ்வுரிமை பின்னர் அளிக்கப்பட்டது. முதிய பெற்றோரைப் பேணவென அதற்கு இணையான தனி விடுப்பு இல்லை; ஈட்டிய விடுப்பு போன்ற பொது விடுப்புகளையே பயன்படுத்த வேண்டும். அவையும் தீர்ந்தால் ஊதியமில்லா விடுப்பு ஒன்றே வழி. தம் உடல்நலக் குறைவு அல்லாத காரணங்களுக்காக எடுக்கும் அவ்விடுப்பு, பொதுவாக ஆண்டு ஊதிய உயர்வுக்கும் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே இழப்பு அம்மாதத்தோடு முடிவதன்று.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இங்கு நினைக்கத்தக்கது. பெற்றோரைப் பேணும் கடமையை அது மகனுக்கும் மகளுக்கும் ஒப்ப விதித்தது. உணவு, உடை, உறையுளோடு மருத்துவத்தையும் பராமரிப்பில் சேர்த்தது. தவறிய பிள்ளைகள் திங்கள்தோறும் 10,000 ரூபாய் வரை வழங்கத் தீர்ப்பாயம் ஆணையிடலாம். பிள்ளையிடம் பொருளைக் கேட்கும் சட்டம் உண்டு. அப்பிள்ளைக்குப் பொழுதைத் தரும் பொதுச்சட்டம் இந்நாட்டில் இல்லை. குறை இங்கேதான் உள்ளது.

பிற நாடுகள் இக்குறையை ஓரளவு உணர்ந்துள்ளன. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டு பணியும் 1,250 மணி நேர உழைப்பும் நிறைந்தவர், கடுநோயுற்ற பெற்றோர், துணைவர், பிள்ளை ஆகியோரைப் பேண ஆண்டில் 12 வாரம் விடுப்புப் பெறலாம். ஊதியம் இல்லை, ஆனால் வேலையும் மருத்துவக் காப்பீடும் பறிபோவதில்லை. அயல்நாட்டில் வாழும் பெற்றோர்க்காகவும் இவ்விடுப்பைக் கேட்கலாம். அந்நாட்டு மருத்துவரின் சான்று ஏற்கப்படும். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் தாய்தந்தையரை விட்டு அங்கே பணிபுரிவோர் இதனை அறிந்திருத்தல் நலம். மாமனார் மாமியார்க்கு அச்சட்டத்தில் இடமில்லை என்பதும் அறியத்தக்கது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 6 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் ஊதியமில்லாப் பேணுநர் விடுப்பு நடைமுறையில் உள்ளது.

சட்டம் வரும் வரை நோய் காத்திராது. எனவே குடும்பமும் சமுதாயமும் செய்யத்தக்கவை சில உள்ளன.

சமண நெறி அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை வைத்துள்ளது. தத்துவார்த்த சூத்திரம் அத்தொண்டினைப் பெறத்தக்கவராகப் பதின்மரைக் கூறுங்கால் நோயுற்றாரையும் அவருள் ஒருவராக எண்ணுகிறது. அது துறவோர்க்குச் செய்யும் தொண்டினைக் குறித்து எழுந்ததாயினும், இல்லறத்தார் தம் வீட்டிலும் கைக்கொள்ளத்தக்க மனநிலை அது. நோயாளிக்குச் செய்யும் பணிவிடை தவத்தோடு வைத்து எண்ணப்படுமாயின், அதன்பொருட்டு ஊதியத்தைத் துறப்பவர் வேலையற்று வீட்டிலிருப்பவர் ஆகார். தவம் செய்பவர் ஆவார். அவர்தம் செலவை மற்றவர் தாங்குவது உதவியன்று, கடமை.

மூன்று உடன்பிறந்தாருள் ஒருவர் திங்களுக்கு 30,000 ரூபாய் ஊதியத்தை விட்டு மூன்று திங்கள் தாயருகே இருந்தால், இழப்பு 90,000 ரூபாய். அவர் பொழுதைத் தந்துவிட்டார். மற்ற இருவரும் ஆளுக்கு 45,000 ரூபாய் ஏற்பதே நேரிய பங்கீடு. மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் பகிர்ந்துகொண்டு, இழந்த ஊதியத்தைப் பேசாது விடும் குடும்பங்களிலேதான் பின்னாளில் மனத்தாங்கல் வளர்கிறது. அவ்விழப்பை ஏற்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ ஆவதையும், அவர் வேலையையே விட்டுவிட நேர்வதையும் கருத வேண்டும். பேணும் பணி ஆடவர்க்கும் உரியது; முறைவைத்து மாறிக்கொள்வதே நெடுநாள் தாங்கும் வழி.

விடுப்பு எடுப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். சொல்லாமல் நின்றுவிடுதல் வேலைக்கே ஊறு விளைக்கும். நோயாளியின் மருத்துவச் சான்றினை இணைத்து, தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறித்து, எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

அறக்கட்டளைகளுக்கும் இதில் பங்குண்டு. மருந்துக்கு உதவுவது ஔடத தானம். மருத்துவமனையில் இரவு ஒன்றைத் தாம் ஏற்று, களைத்துப்போன மகனையோ மகளையோ உறங்கச் செய்வதும் அதற்குக் குறைந்த தானமன்று. விடுப்புக் காலத்திற்கு வட்டியில்லாக் கடன் வழங்கலாம். ஒவ்வோர் ஊரிலும் இரவு உடனிருக்க இசைவோர் பெயர்களைத் தொகுத்து வைக்கலாம். இம்மலரைக் கையிற்கொண்டு இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும், நோய் வருமுன்பே ஒருநாள் கூடியமர்ந்து, உடனிருப்பவர் யார், ஊதிய இழப்பை ஏற்பவர் யார் என்று பேசி முடித்துவைப்பின், அதுவே இவ்விழாவின் நற்பயன்.

நல்லறம் ஓங்குக.