ஊனமுற்ற வீரர்களும் சுழியோடலும்

போரில் கால்களை இழந்தவர்களுக்கும், முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்களுக்கும் சுழியோடக் கற்பிப்பது இன்று பல நாடுகளில் மறுவாழ்வுப் பணியின் ஒரு பகுதி. சிலிண்டரிலுள்ள காற்றை வாய்க்கருவி மூலம் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் இந்த ஸ்கூபா முறைக்கு 1943இல் பிரான்சில் வழி திறந்தவர்கள், கடற்படை அதிகாரி ஜக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கஞ்ஞானும்.

காயப்பட்ட உடலுக்குத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதுதான் இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தரையில் ஒவ்வொரு அசைவிலும் தன் பாரத்தைத் தானே தூக்க வேண்டியிருக்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கே தோள்கள் களைத்துவிடும். நீருக்குள் அந்தப் பாரம் இல்லை. கரைவலை இழுக்கும் நேயர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும்: மேலே மிதப்பும் கீழே ஈயமும் சமன்பட்டால்தான் வலை தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். சுழியோடியும் இடுப்பில் கட்டிய ஈயத்தையும் மேலங்கியில் அடைத்த காற்றையும் சரிக்கட்டி, மேலே எழும்பாமலும் கீழே அமிழாமலும் நடுநீரில் நிற்கிறார். பிறகு சற்றே உயரவும் தாழவும் மூச்சே போதும். நெஞ்சு நிறைய இழுத்தால் உடல் மெல்ல எழும். விட்டால் மெல்ல இறங்கும். அங்கே படிக்கட்டு இல்லை, வாசற்படி இல்லை. தரையில் பிறர் தள்ளிச் சென்ற மனிதர், விரல்களுக்கிடையே சவ்வு வைத்த கையுறைகளால் நீரைத் தள்ளி, நினைத்த திசைக்குத் தானே போகிறார்.

மனதுக்கும் இதில் பங்குண்டு. போரிலிருந்து மீண்டவர்களில் பலர் பட்டாசுச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார்கள். இரவில் பழைய காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்கும். இதை மனவடு என்கிறோம். சுழியோடலின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது, சீராக, நீளமாக விட வேண்டும் என்பது. பதற்றத்தைத் தணிக்க மருத்துவர்கள் சொல்லும் பயிற்சியும் ஏறக்குறைய இதுவே. காற்றின் அளவையும் ஆழத்தையும் பக்கத்தில் வரும் துணையையும் கவனித்துக்கொண்டிருப்பவருக்குப் பழைய நினைவில் மூழ்க இடமில்லை. ஒருவர் உயிரை மற்றவர் காக்கும் அந்தத் துணைமுறை, படையில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே பழகிய உறவு.

இதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள், முள்ளந்தண்டுக் காயமடைந்த 10 முன்னாள் வீரர்களைக் கேமன் தீவுகளில் சுழியோட வைத்தார்கள். தசை இறுக்கம் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. மெல்லிய தொடுகையை உணரும் திறன் 10 சதவீதம் கூடியது. மனவடு அறிகுறிகள் சராசரியாக 80 சதவீதம் தணிந்தன. பத்துப் பேரை வைத்து முடிந்த முடிபு சொல்ல முடியாது. ஆனாலும் நம்பிக்கையோடு மேலும் ஆராயத் தக்க தொடக்கம் இது.

நீர் ஒரு போர்வீரரை மீட்டெடுத்த சான்று நமக்கு அருகிலேயே உண்டு. இந்திய இராணுவத்தின் குத்துச்சண்டை வீரர் முரளிகாந்த் பெட்கர் 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972இல் ஹைடல்பேர்க் பராலிம்பிக்கில் 50 மீற்றர் நீச்சலில் வென்றார். இந்தியா பெற்ற முதல் பராலிம்பிக் தங்கம் அதுவே. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஊனமுற்றோருக்குச் சுழியோடல் கற்பிக்கும் முயற்சி அமெரிக்காவில் 1981இல் ஜிம் கற்றேக்கர் தொடங்கிய சங்கத்தோடு உருப்பெற்றது. 2007இல் ஜோன் தொம்சன், வோஷிங்டனின் வோல்டர் றீட் இராணுவ மருத்துவமனை நீச்சற் தடாகத்தில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவயவம் இழந்து வந்தவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இந்தியாவில் மேஜர் விவேக் ஜேக்கப் தலைமையில் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குச் சுழியோடலும் மலையேற்றமும் கற்பிக்கிறார்கள். அவர்கள் பயிற்றுவித்த மாற்றுத்திறனாளிகள் எண்மர் 2021இல் சியாச்சின் பனியாற்றில் 15,632 அடி உயரத்திலுள்ள குமார் முகாம் வரை ஏறினர். படையை விட்டு வந்தவர் ஆசிரியராகும்போது, கற்பவரோடு அவரும் தேறுகிறார்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். விரைந்து மேலேறினால் இரத்தத்தில் நைதரசன் குமிழியாகி உடலை முடக்கும். கடலட்டைக்காகச் சிலிண்டருடன் இறங்கும் கிழக்குக் கரைச் சுழியோடிகள் இதை அறிவார்கள். வலிப்பு உள்ளவர்களும் குண்டுவெடிப்பில் நுரையீரல் காயப்பட்டவர்களும் மருத்துவரின் அனுமதியின்றி இறங்கவே கூடாது. உணர்வற்ற கால் பாறையில் உரசினாலும் தெரியாது, காலுறை அவசியம். குளிரும் எளிதில் தாக்கும். எனவே முதலில் தடாகம், பிறகு ஆழமற்ற கடல். காயத்தின் தன்மையைப் பொறுத்துப் பயிற்சி பெற்ற துணைவர் ஒருவரோ இருவரோ உடன் செல்ல வேண்டும்.

இலங்கையின் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. சீருடை அணிந்தவர்கள், ஆயுதம் ஏந்தியவர்கள், எதுவும் ஏந்தாமல் கண்ணிவெடியில் சிக்கியவர்கள் என எல்லாத் தரப்பிலும் அவயவம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். கிழக்குக் கரையில் வினாயகபுரத்திலும் திருக்கோவிலிலும் கல்முனையிலும் கடல் அலை மிகுந்தது. தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றதல்ல. அங்கிருந்து வடக்கே பாசிக்குடாவில் நெடுந்தூரம் ஆழமற்ற அமைதியான குடா இருக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்த மாதங்களில் அங்கே தண்ணீர் தெளிந்து கிடக்கும். இளஞ்சூடான கடலும் தேர்ந்த சுழியோடிகளும் இந்தக் கரைக்கு வாய்த்திருக்கின்றன. மருத்துவர்களும் சுழியோடற் பயிற்றுநர்களும் கைகோத்து, எந்தத் தரப்பென்று பாராமல் காயப்பட்டவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்ல முன்வர வேண்டும். அதுவரை, வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஆழமற்ற நீரில் அவரை இறக்கி அருகில் நில்லுங்கள்.