பிரார்த்தனையும் நோயும் குடியும்



பக்தியினால் நோய் தீருமா, குடி நிற்குமா, மன்னிப்பினால் உடம்பு தேறுமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். “நாஸ்திகர்களாகிய உங்களுக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஏனெனில் ஆஸ்பத்திரி வாசலிலும் சாராயக்கடை வாசலிலும் ஏழையின் பணத்தைப் பறிப்பதற்கு இப்பொழுதெல்லாம் புராணம் மட்டும் போதவில்லை; “ஆராய்ச்சியே சொல்லிவிட்டது” என்ற வார்த்தையும் கூடவே வருகின்றது. அந்த ஆராய்ச்சி என்னதான் சொல்லிற்று என்பதை நாமே பார்த்துவிடுவது நல்லதல்லவா?

1872-ம் வருஷத்திலேயே பிரான்ஸிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு கணக்குப் போட்டார். ராஜாவின் ஆயுளுக்காகத் தேசமெல்லாம் சர்ச்சுகளில் வேண்டிக்கொள்கிறார்களே, ராஜாக்கள் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார். வசதியுள்ள வகுப்பார் எல்லோரிலும் அவர்கள் ஆயுளே குறைச்சலாயிருந்தது. சராசரி 64 வயது. “வாடிக்கையாகச் சொல்லும் பிரார்த்தனை மனப்பூர்வமானதல்ல, ஆதலால் இது பரீட்சையாகாது” என்றார்கள் பக்தர்கள். சரி, நியாயந்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

2006-ல் வெளியான பரீட்சைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்துகொண்ட 1802 பேர்களை மூன்று பிரிவாக்கினார்கள். நடத்தியவர் ஹார்வர்டு சர்வகலாசாலை டாக்டர் ஹெர்பர்ட் பென்சன். இவர் தியானம் போன்ற பழக்கங்களால் உடம்புக்கு நன்மையுண்டு என்று 1975-லேயே புஸ்தகம் எழுதியவர். பணம் கொடுத்த டெம்பிள்டன் ஸ்தாபனமும் மதத்திற்கு விரோதியல்ல. செலவு 24 லட்சம் டாலர். ஆகவே சுயமரியாதைக்காரர்கள் சூழ்ச்சி செய்து முடிவைத் திருப்பிவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

முதல் பிரிவாருக்காகப் பிரார்த்தனை நடந்தது. இரண்டாவது பிரிவாருக்கு நடக்கவில்லை. நடக்கிறதா இல்லையா என்பது இவ்விரு பிரிவாருக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவாருக்கு நடந்ததோடு, நடக்கிறதென்று அவர்களிடம் சொல்லியும் விட்டார்கள். கிறிஸ்தவக் கூட்டத்தார் ஆபரேஷனுக்கு முந்தின இரவு தொடங்கி 14 நாள் நோயாளியின் பெயரைச் சொல்லி வேண்டினார்கள். 30 நாளைக்குள் ஏதேனும் சிக்கல் ஏற்பட்டவர்கள், முதல் பிரிவில் நூற்றுக்கு 52 பேர். பிரார்த்தனையே இல்லாத இரண்டாவது பிரிவில் 51 பேர். பிரார்த்தனை நடப்பதாகத் தெரிந்துகொண்ட மூன்றாவது பிரிவில் 59 பேர்!

இந்த 59-ஐக் கண்டு நாம் துள்ளிக் குதிக்கப் போவதில்லை. அது தற்செயலாயிருக்கலாம், அல்லது “நமக்காகக் கூட்டம் சேர்த்துப் பிரார்த்திக்கிறார்களென்றால் நம் உடம்பு அவ்வளவு மோசமா?” என்ற திகிலாயிருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்களே சொன்னார்கள். “கடவுளைச் சோதிக்கலாமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. முடிவு அவர்கள் பக்கம் இருந்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க. நமக்குச் சாதகமில்லாததுபோல் தோன்றுவதையும் சொல்லவேண்டியது நம் கடமை. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்து ஆரம்பித்த “ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்” என்ற சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பன்னிரண்டு படிகளில் கடவுள் பெயர் பலமுறை வருகின்றது. 2020-ல் காக்ரேன் என்ற சர்வதேச ஸ்தாபனம், 10,565 பேர் கலந்துகொண்ட 27 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தது. இச்சங்க வழியில் விடப்பட்டவர்களில் ஒரு வருஷத்திற்குப்பின் அடியோடு குடிக்காமலிருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்றச் சிகிச்சைகளில் 35 பேர். இதை நாம் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் எதனால் பலன் வந்தது என்று மேலும் தேடியவர்கள் கண்டது, பெரும்பாலும் குடிக்கிற சிநேகிதரை விட்டுக் குடிக்காத சிநேகிதரைச் சேர்ந்ததும், “நம்மால் முடியும்” என்ற தைரியமும் என்பதே. குடி மிகவும் முற்றினவர்களுக்கு மாத்திரம் ஆன்மீகமும் ஓரளவு துணை செய்ததாகச் சொல்லுகிறார்கள்.

இதற்கு அமெரிக்கா போவானேன்? நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டவன் 41 நாள் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. நேற்றுவரை “டேய்” என்றவர்கள் “சாமி” என்கிறார்கள். மனைவி நம்பிச் சமைத்துப் போடுகிறாள். கூட விரதமிருப்பவர்கள் மாலைப்பொழுதில் தனியே விடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் மரியாதையும் காவலும் போய்விடுகின்றன. கடை மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஐயப்பன்தான் காத்தான் என்றால் 42-ம் நாள் ஏன் கைவிட்டான்? அந்த மரியாதையை மாலையில்லாமலே கொடுத்துப் பார்த்தாலென்ன? குடி ஒரு நோயானால் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்தும் இருக்கின்றதே. அதை விட்டுவிட்டு, மறுபடியும் குடித்தவனைப் பார்த்து “உனக்கு பக்தி போதாது” என்பது அடிபட்டவனை மீண்டும் அடிப்பதேயாகும்.

கட்டாயமும் கூடாது. 1996-ல் நியூயார்க் ராஜ்யத்தின் தலைமைக் கோர்ட்டார், இந்தப் பன்னிரண்டு படித் திட்டத்தில் சேர்ந்தால்தான் குடும்பத்தோடு தங்கும் சலுகை என்று ஒரு நாஸ்திகக் கைதிக்கு நிபந்தனை போட்டது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

கடைசியாக மன்னிப்பு. இதை நம் தாய்மார்கள் கவனித்துக் கேட்கவேண்டும். 2001-ல் 71 பேர்களிடம், தமக்குத் தீங்கு செய்தவனை நினைத்து வன்மம் வைக்கவும், மன்னிப்பதாக எண்ணவும் சொல்லிப் பார்த்தபோது, வன்மத்தில் இருதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுதலாயின. ஆகவே கோபத்தைச் சுமப்பது உடம்புக்குப் பாரந்தான். ஆனால் மன்னிப்பென்றால் மறுபடியும் போய்ச் சேர்ந்து வாழ்வதல்ல, செய்ததை நியாயமென்பதுமல்ல என்று இத்துறையில் பேர்பெற்ற விஸ்கான்சின் ராபர்ட் என்ரைட்டே சொல்லுகிறார். இன்னும் கேளுங்கள்: 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் புதிதாக மணந்தவர்களை நான்கு வருஷம் கவனித்தார்கள். அதிகமாக மன்னிக்கும் சுபாவமுள்ளவர்களுக்குத் துணைவரிடமிருந்து வந்த வசையும் அடியும் குறையாமல் நீடித்தன. அவ்வளவாக மன்னிக்காதவர்களுக்குக் குறைந்துபோயின. கல்லானாலும் கணவன் என்று உபதேசம் செய்ய வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டி, அந்தக் கல் இந்த நான்கு வருஷத்தில் எத்தனை தடவை எறியப்பட்டது என்று கேளுங்கள்.

இன்னும் பேசவேண்டிய தோழர்கள் இருப்பதால் இத்துடன் உட்காருகிறோம்.