பழைய படத்தை வீசி எறியாதீர்கள்!



தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போகும் பொருள்களில் ஒன்று, பழைய எக்ஸ்ரே படம். "நோய்தான் போய்விட்டதே, இது எதற்கு?" என்று கேட்கிறோம். அந்தப் படம் பிற்காலத்தில் ஓர் உயிரைக் காக்க உதவலாம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நுரையீரலை ஸ்கேன் செய்து பார்க்கும்போது மிளகு அளவிலான சிறு முடிச்சுகள் தென்படுவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. நோய் குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு நின்றுவிடலாம். அதுவும் முடிச்சைப் போலவே தோன்றும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இது பழைய தழும்பா, புற்றுநோயின் தொடக்கமா என்று சொல்வது தேர்ந்த மருத்துவருக்கும் கடினம். ஆனால், பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் அது இருந்தால் கவலை பெருமளவு குறைந்துவிடும்.

ஆகவே, முடிச்சு இருக்கிறதா என்பதைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை 6.3 மில்லிமீட்டர் ஆனால், அதன் கன அளவு இரு மடங்காகிவிடும். இந்த ஒன்றே கால் மில்லிமீட்டர் வேறுபாட்டை வெறும் கண் எளிதில் தவறவிடும். கணினி முடிச்சின் கன அளவையே கணக்கிட்டு, முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுகிறது.

ஒவ்வொரு முறையும் நாம் இழுக்கும் மூச்சும், படுக்கும் நிலையும் மாறும். அதனால் கணினி முதலில் பழைய படத்தை வளைத்து நெளித்துப் புதிய படத்தோடு பொருத்துகிறது. பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. மாறாத எலும்பும் இரத்தக் குழாயும் மங்கிவிட, புதிதாகத் தோன்றியது மட்டும் எடுப்பாகத் தெரிகிறது. 1990-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் குழுவினர் நெஞ்சு எக்ஸ்ரே படங்களில் இம்முறையைச் செய்து காட்டினர்.

இதனால் பயன் உண்டா? 53,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. நெடுநாள் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் செய்ததில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. ஆனால், ஸ்கேனில் ஐயத்திற்குரியவை எனக் குறிக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 96 புற்றுநோயே அல்ல. எத்தனை குடும்பங்கள் வீணாகக் கலங்கியிருக்கும்! நெதர்லாந்தும் பெல்ஜியமும் நடத்திய ஆய்வில் கன அளவையும் வளர்ச்சி வேகத்தையும் கணினியால் அளந்தார்கள். ஐயமானவர்களை மூன்று மாதம் கழித்து மீண்டும் அழைத்துப் பார்த்தார்கள். வீண் அச்சம் வெகுவாகக் குறைந்தது. 2020-இல் வெளிவந்த அதன் முடிவு, ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 24 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

"மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால், நம்மில் சிலர் அன்றிரவே தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வேறு சிலரோ, "பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் அனுப்பிவிட்டார்" என்று திரும்பிப் போவதே இல்லை. இரண்டும் தவறு. அந்த மூன்று மாதம் அலட்சியமல்ல. அதுவே பரிசோதனையின் ஒரு பகுதி. இரண்டாவது படம் இல்லாமல் கணினியால் எதை ஒப்பிட முடியும்?

கணினியும் தவறும். படங்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் இல்லாததை இருப்பதாகக் காட்டும். மிக மெதுவாக வளரும் புற்றுநோயும் உண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. எல்லாரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நெடுநாள் புகைத்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஓர் அரசாங்க மருத்துவமனையில் எடுத்த படம் தனியார் மருத்துவமனைக்குத் தானாக வந்து சேரும் என்று எண்ணாதீர்கள். குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் தேதியை எழுதுங்கள். அடுத்த முறை கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் நிலப் பட்டாவையும் பிறப்புப் பத்திரத்தையும் வைத்திருக்கும் அலமாரியில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.