எழுபதுக்குத் தொண்ணூறு

புது பைக் ஒன்று டீக்கடை முன்னால் வந்து நின்றால், சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" விலையும் மைலேஜும் அதற்குப் பிறகுதான். தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் செய்து பிழைப்பவன் நான். இந்த நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டு நேயர்களிடம் சிசி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு என் தொழில் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சி ஒன்று, இறங்கி நிற்கும் அடி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அது வழித்துக்கொண்டு போகிற இடத்தின் கொள்ளளவுதான் சிசி, அதாவது கன சென்டிமீட்டர். அதற்கு இரண்டே அளவு போதும். சிலிண்டரின் உள்விட்டம், அது போர். பிஸ்டன் ஓடுகிற தூரம், அது ஸ்ட்ரோக்.

கையில் பேனா இருந்தால் எடுங்கள், ஒரு கணக்குப் போடலாம். திருவொற்றியூரில் உருவான பழைய இரும்பு பிளாக் புல்லட்டுக்கு போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. சென்டிமீட்டரில் ஏழும் ஒன்பதும். ஏழில் பாதி மூன்றரை. மூன்றரையை மூன்றரையால் பெருக்கினால் பன்னிரண்டேகால். பள்ளிக்கூடத்தில் படித்த 22/7-ஆல் அதைப் பெருக்குங்கள், 38.5. அதை ஒன்பதால் பெருக்கினால் 346-ம் சொச்சமும். ஆர்.சி. புத்தகத்தில் 346 என்று போட்டிருக்கிறதே, அது இதுதான். சிலிண்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால் அத்தனையால் பெருக்க வேண்டும். மாருதி 800-இல் மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றும் 265 சிசிக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் 796.

இந்தக் கணக்கில் போர் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, ஸ்ட்ரோக் ஒரே தடவைதான். அதனால்தான் எனக்கு போர் மேல் இவ்வளவு பிரியம். புல்லட் 500 வந்ததே, அதன் ஸ்ட்ரோக்கும் அதே 90 தான். போரை மட்டும் 70-இலிருந்து 84 ஆக்கினார்கள். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கே 346 போய் 499 ஆகிவிட்டது!

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு யோசனை வரும். என் பட்டறைக்கு வருகிற பையன்களுக்கும் வருகிறது. "அண்ணே, ரீபோர் பண்றப்பவே நல்லாப் பெருசா அடிச்சு நானூறு சிசி ஆக்கிடுங்க." தம்பி, நானூறு வேண்டுமென்றால் போர் 75-ஐத் தாண்ட வேண்டும், பிளாக் சுவரில் அவ்வளவு இரும்புக்கு எங்கே போவது? எங்களுக்குக் கிடைக்கிற பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும்: கால், அரை, முக்கால், ஒன்று. கடைசி அளவான 71-க்கே போனாலும் 356 தான். பத்து சிசி. அதை ஓட்டிப் பார்த்து உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே கூலியை வாங்கிக்கொள்வேன்.

ரீபோர் செய்வது பவருக்காக அல்ல, சிலிண்டர் கோணிவிடுவதால். கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அழுந்துகிறது. உச்சியில் சூடு அதிகம், ஆயில் குறைவு, பிஸ்டன் ரிங் ஒரு கணம் நின்று திரும்புகிற இடமும் அதுதான். தேய்மானம் அங்கேதான் கூடுதல். பிளாக்கைக் கழற்றி விரலை உள்ளே விட்டுத் தடவினால், மேல் விளிம்புக்குக் கீழே சின்ன மேடு தட்டுப்படும். ரிங் எட்டாத, தேயாத இரும்பு அது. போர் கேஜை இறக்கி மேலே, நடுவே, கீழே என்று அளப்பேன். ஒவ்வோர் இடத்திலும் கிராங்க் வாட்டத்தில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. இரண்டு வாட்டத்திலும் டயல் முள் ஒரே இடத்தில் நின்றால் வட்டம். நிற்காவிட்டால் ஓவல், மெஷினில் ஏற்ற வேண்டியதுதான். இப்போது வருகிற பல வண்டிகளில் அலுமினியச் சுவருக்கு நிக்கல் பூச்சு. அதில் நாங்கள் கைவைக்க முடியாது. சிலிண்டர், பிஸ்டன் கிட்டையே மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

சரி, சிசி கூடினால் பவர் கூடுமா? பழைய டியூக் 390-ஐப் பாருங்கள். பெயரில்தான் 390, உள்ளே 373 சிசி. போர் 89, ஸ்ட்ரோக் 60. புல்லட்டைவிட 27 சிசிதான் அதிகம். ஆனால் பழைய புல்லட் 18 குதிரைத்திறன், இது 43. ஒரு சுற்றுக்கு புல்லட் பிஸ்டன் ஏறி இறங்க 180 மில்லிமீட்டர் ஓட வேண்டும், டியூக் பிஸ்டனுக்கு 120 போதும். நிமிடத்துக்கு 9,000 சுற்று வைத்தால் டியூக் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 18 மீட்டர் போகும். புல்லட்டை அந்தச் சுற்றுக்கு விரட்டினால் 27 மீட்டர் ஆகிவிடும், தாங்காது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். எத்தனை வேகமாகச் சுற்றுகிறதோ அத்தனை முறை இழுக்கும், அங்கேதான் பவர். ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக், சுற்றுக்குச் சுற்று வெடிக்கும். 98 சிசியை வைத்துக்கொண்டு அது ஆடிய ஆட்டம் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். புல்லட் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். குறைந்த சுற்றிலேயே நிதானமாக இழுக்கிற இழுவை புல்லட்டுடையது, அது வேறு சுகம்.

அரசாங்கத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது, சிசி மட்டும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. புது புல்லட் இன்ஜின் 349-இல் நிற்பது எவ்வளவு வசதி பாருங்கள். இன்ஷூரன்ஸிலும் 75, 150, 350 என்று படிகள் உண்டு.

கம்ப்ரஷன் விகிதத்தைத் தொடவே இல்லை, அதற்குள் ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். இன்னொரு நாள் கூப்பிடுவார்கள் என்று நம்புகிறேன். பழைய புல்லட் வாங்கப் போகிற நேயர்கள் மட்டும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிஸ்டன் எத்தனை ஓவர்சைஸ் ஏறியிருக்கிறது என்று விற்பவரைக் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஏற்கெனவே போய்விட்டது என்றால், அடுத்த ரீபோருக்கு அந்த பிளாக்கில் இடமில்லை. உள்ளே புது இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ், போடுகிற செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.